மாமி வீட்டுக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு



கீழக்கரையில் எங்கள் மூத்த மாமியின் வீட்டுப் பின்கட்டில் 1987 முதல் 2023 வரை ஒரு கார் நின்றிருந்தது. வெளிர்நீல நிறமும் இரண்டு கதவுகளும் கொண்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சங்கு வியாபாரியாக இருந்த எங்கள் பாட்டனார் 1964-இல் சென்னையில் வாங்கியது. அவர் 1986-இல் வஃபாத்தானார். மறு ஆண்டு எங்கள் வாப்பா அதனைக் கொட்டகைக்குள் ஓட்டிச் சென்று, அச்சுகளுக்கு அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தி, சாவியைத் தம் லாத்தாவிடம் ஒப்படைத்தார். பாகம் பிரிக்கும்வரை இருக்கட்டும் என்பது அன்றைய பேச்சு. பின்னர் நிலம் பிரிந்தது, மண்ணடிக் கடை பிரிந்தது. காரைப் பிரிக்க ஒருவருக்கும் வழி தெரியவில்லை. அது நின்ற இடத்திலேயே நின்றது.

அந்தக் கார் இப்போது ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். எப்படி ஓட வைத்தீர்கள் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே கேட்கிறார்கள். அதை விரிவாகவே சொல்கிறோம். ஆனால் எஞ்சினுக்கு முன்பு தீர்க்க வேண்டியிருந்த ஒரு கணக்கு எங்களிடம் இருந்தது. பழைய வண்டியை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் பல உண்டு. அவர்களுக்கு அந்தக் கணக்கே அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். இளைய தலைமுறையினர் பலர் ஹெரால்டைப் பார்த்ததே இல்லை. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட கார் அது. வடிவமைத்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலோட்டி. அந்நிறுவனத்துக்குக் கார் உடலை அழுத்தித் தந்துகொண்டிருந்த தொழிற்சாலை, போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஆகவே முழு உடலையும் ஒரே கூடாக வார்க்கும் புதிய முறையைக் கைவிட்டு, தனிச் சேசிஸ் ஒன்றைச் செய்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கும் பழைய முறைக்கே திரும்பினார்கள். நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடு இரண்டு நன்மைகளைத் தந்தது. தொலைதூர நாடுகளுக்குப் பாகங்களாக அனுப்பிக் கோப்பது எளிதாயிற்று. 1961-இல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் ஹெரால்டை இங்கே செய்யத் தொடங்கினர். அந்நாளில் வண்டலூர்ப் பக்கம் போனவர்கள் அந்தத் தொழிற்சாலையை அறிவார்கள். இரண்டாவது நன்மை, அதே சேசிஸைச் சற்றுக் குறுக்கி 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த விளையாட்டுக் காரை அவர்களால் உருவாக்க முடிந்தது. முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே எங்கள் ஊர்ச் சந்தில் நின்றது ஒரு குடும்பக் காராயினும், விளையாட்டுக் காருக்கு உடன்பிறப்பு.

அக்காலத்தில் இந்நாட்டில் வாங்கக் கிடைத்த கார்கள் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணக் கூடியவை. வெளிநாட்டு விளையாட்டுக் காரைக் கனவு கண்ட இளைஞர்கள் ஹெரால்டைத்தான் தேடினர். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. 948 கன சென்டிமீட்டர் எஞ்சின், ஏறத்தாழ 35 குதிரைத்திறன். இன்றைய சிற்றுந்துகளை வைத்துப் பார்த்தால் அது பெரிய சக்தியன்று. எடை குறைவு, இருக்கை தாழ்வு, திருப்பம் மிகக் கூர்மை. 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். கீழக்கரைத் தெருக்களின் அகலத்தை அறிந்தவர்களுக்கு எங்கள் பாட்டனார் ஏன் இந்தக் காரைத் தேர்ந்தார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி அந்தக் கணக்கு.

2023-இல் துபாயிலிருந்து விடுப்பில் வந்த எங்கள் இளைய சகோதரர், காரைச் சரிசெய்யும் செலவைத் தாம் ஏற்பதாகச் சொன்னார். மெக்கானிக்கை அழைத்துவரும் நாளும் குறித்தாயிற்று. சாவி கேட்டு மாமியிடம் சென்றோம். எண்பத்து நான்கு வயதிலும் கணீரென்று பேசுபவர் அவர். முந்தானை முடிச்சில் கைவைத்தவர், சாவியை எடுக்காமல் கேட்டார்:

"வாப்பா, இது யார் காருன்னு முதல்ல சொல்லுங்க. நீங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதத்தானே சொல்லிக் கொடுக்குறீங்க?"

ஃபராயிள் பாடம் நடத்துபவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் ஸ்பேனரைத் தொடுவது முறையன்று. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பது வழக்கம். அதனாலேயே, பெண்களுக்கு வீடு போய்விட்டதே, இனி என்ன பங்கு என்ற பேச்சு சில குடும்பங்களில் எழுவதுண்டு. வாழ்நாளில் தந்த அன்பளிப்பு வேறு, மௌத்துக்குப் பின் சேரும் வாரிசுப் பங்கு வேறு. காரின் விஷயத்தில் எவரும் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லைதான். ஆனால் 36 ஆண்டுகளாக அதனைக் குறித்து ஆண்கள் பேசினார்கள்; பெண்கள் அதன்மேல் தார்ப்பாய் மாற்றினார்கள்.

கணக்கு இப்படி அமைந்தது. பாட்டனார் வஃபாத்தானபோது அவருடைய மனைவியும் பெற்றோரும் உயிருடன் இல்லை. மக்கள் ஐவர்: ஆண்கள் மூவர், பெண்கள் இருவர். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற அளவில் மொத்தம் எட்டுப் பங்கு. மாமிகள் இருவருக்கும் எட்டில் ஒன்று வீதம்; வாப்பா, அவருடைய காக்கா, சாச்சா ஆகிய மூவருக்கும் எட்டில் இரண்டு வீதம். பிறகு காலம் மேலும் சிலரை அழைத்துக்கொண்டது. வாப்பா 2009-இல் மௌத்தானார். அவருடைய கால் பங்கில் எட்டில் ஒன்று எங்கள் உம்மாவுக்கு. எஞ்சியது ஆண்கள் இருவரும் பெண் ஒருத்தியுமாகிய எங்களுக்கு ஐந்து கூறாக. கீழெண்ணை ஒன்றாக்கினால் காரின் 160 பங்குகளில் உம்மாவுக்கு 5, எங்கள் சகோதரிக்கு 7, ஆண்களுக்குத் தலைக்கு 14. மூத்த மாமிக்கு 20. வாப்பாவின் காக்கா, இளைய மாமி ஆகியோரின் பங்குகளும் இவ்வாறே அவர்களுடைய வாரிசுகளுக்கு விரிந்தன. முடிவில் பதினேழு பேர். கொழும்பில் சிலர், சென்னையில் சிலர், வளைகுடாவில் சிலர்.

இதனை மதரஸாவின் மூத்த வகுப்பில் கணக்காகவே கரும்பலகையில் எழுதினோம். ஒன்றன்பின் ஒன்றாக மரணங்கள் நேர்ந்து சொத்து பிரிக்கப்படாமல் கிடக்கும் கணக்கை நூல்களில் ஒட்டகத்தையும் பேரீச்சந்தோட்டத்தையும் வைத்துப் படிக்கும் மாணவர்கள், காரை வைத்துப் படித்தபோது சற்று விழித்துக்கொண்டார்கள். "ஹஜ்ரத், 160-இல் 7 பங்கு என்றால் அந்த லாத்தாவுக்கு எந்தப் பாகம் வரும்? ஸ்டியரிங்கா, டிக்கியா?" என்று ஒருவன் கேட்டான். சரியான கேள்விதான். வெட்டினால் கெட்டுப்போகும் பொருளை வெட்டுவதில்லை. விலை மதித்து, வேண்டியவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களின் பங்கைப் பணமாகத் தருவார். அல்லது எல்லாரும் கூட்டாகவே வைத்துக்கொள்வார்கள்.

விலை எப்படி மதிப்பது என்பதில்தான் வீட்டில் குரல் உயர்ந்தது. பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து பார்த்து 18,000 ரூபாய் என்றார். பழங்கார் சேகரிப்பவர் ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சாச்சா இரும்பு விலைதான் நியாயம் என்று வாதிட்டார். ஓடாத வண்டிக்கு என்ன விலை, ஓட வைக்கப் போகிறவர் செலவழிக்கப் போகிறாரே என்பது அவர் வாதம். அதில் கொஞ்சம் பொருள் இருந்தது. ஆனால் வாங்க ஆள் இருக்கும் பொருளுக்கு அவர் தருவதாகச் சொல்லும் விலையே விலை. அதற்குக் கீழே மதித்தால் நட்டம் முழுவதும் சிறு பங்கு உடையவர்கள் தலையில் விழும். எங்கள் கணக்கில் சிறு பங்கு உடையவர்கள் எல்லாரும் பெண்கள். இரண்டு லட்சம் என்றே முடிவு செய்தோம். சாச்சா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தம் பங்கான 50,000-ஐ வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரை எங்கே கொடுத்துச் சரிபார்க்கலாம் என்று அவரே வழி சொன்னார்.

இந்தக் கணக்கை வேலை தொடங்குமுன்பே முடித்தது எவ்வளவு நல்லது என்பது பின்னர் விளங்கிற்று. ஓடாத காரின் விலை இரண்டு லட்சம். ஓடும் காருக்கு வேறு விலை. இடையில் போன செலவு ஒருவருடையது, உயர்ந்த மதிப்பு யாருடையது என்ற கேள்வி ஒருமுறை எழுந்துவிட்டால் பதினேழு பேரிடையே அதனைத் தீர்ப்பது எளிதன்று. நாங்களும் இளைய சகோதரரும் மற்றவர்களின் பங்குகளை வாங்கினோம். எங்கள் சகோதரியின் கையில் 8,750 ரூபாயைக் கொடுத்தபோது, "காருல எனக்கும் இருந்துச்சா?" என்று வியந்தாள். இருந்தது.

மூத்த மாமி மட்டும் விற்க மறுத்துவிட்டார். "என் பங்கு காருலேயே இருக்கட்டும். செலவுலயும் எட்டுல ஒண்ணு நான் தாறேன்" என்றார். வேண்டாம் மாமி, 36 ஆண்டு கொட்டகை தந்தீர்களே என்றோம். அதற்கு வாடகை கேட்கவில்லை, அதனால் அதைக் கழிக்கவும் வேண்டாம் என்று முடித்துவிட்டார். பிறகே முந்தானை முடிச்சு அவிழ்ந்தது.

மதுரையில் இளமை முதல் ஹெரால்டுகளைப் பிரித்துக் கோத்த மூத்த மெக்கானிக் ஒருவர் கிடைத்தார். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பாய், யாரும் செல்ஃப் அடிச்சுப் பாக்கலியே?" என்பது. நெடுங்காலம் நின்ற எஞ்சினைப் பாட்டரி கொடுத்துச் சுழற்றிப் பார்க்கும் ஆசைதான் பெரும்பாலான வண்டிகளைக் கொல்கிறது என்றார். சிலிண்டர் சுவரில் படிந்த துரு பிஸ்டன் வளையங்களை உடைக்கும்; எண்ணெய் முற்றிலும் வடிந்துபோன பேரிங்குகள் காய்ந்தபடியே உரசித் தேயும். அவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நாள்தோறும் அஸருக்குப் பின் நாங்கள் சென்று கொஞ்சம் ஊற்றுவதும், முன்புறப் புல்லியின் நட்டில் ஸ்பேனரை வைத்து மெதுவாக அசைத்துப் பார்ப்பதுமாக எட்டு நாள் கழிந்தன. ஒன்பதாம் நாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. ஓசை ஒன்றும் எழவில்லை, கைக்குத்தான் தெரிந்தது.

அவ்வளவு எளிதாக அது அசைந்ததற்கு வாப்பாவின் முன்யோசனை காரணம். 1987-இல் நிறுத்தும்போதே புதிய ஆயில் ஊற்றி, ரேடியேட்டர் நீரை முழுவதும் வடித்து, பாட்டரியைக் கழற்றி வைத்திருந்தார். பெட்ரோலை மட்டும் வடிக்கவில்லை. டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது பழுப்பு நிறத்தில் வார்னிஷ் போன்ற பிசுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போனால் மிஞ்சுவது அதுதான். கார்புரேட்டரின் ஊசித்துளைகள் முழுவதும் அதனால் அடைபட்டிருந்தன; பிரித்து ஊறவைத்து ஒவ்வொரு துளையாக ஊதி எடுக்க மூன்று நாள் ஆயிற்று.

பெட்ரோலிலேயே இன்னொரு செய்தி இருக்கிறது. இந்தக் கார் உறங்கப் போனபோது நம் நாட்டுப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எஞ்சின் சத்தமின்றி எரிவதற்காகச் சேர்க்கப்பட்ட அந்த ஈயம், பழைய எஞ்சின்களின் வால்வு சீட்டுகளில் மெல்லிய படலமாகப் படிந்து அவை தேயாமல் காத்தும் வந்தது. 2000-இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. குழந்தைகளின் மூளைக்கு ஈயம் நஞ்சு என்பதால் அது நல்ல முடிவே. ஆனால் பழைய எஞ்சினுக்கு இப்போது கெட்டியான வால்வு சீட்டுகளைத் தனியே பொருத்த வேண்டும். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி அதனைச் செய்தோம். கார் விழித்த காலத்துப் பெட்ரோலிலோ 20 விழுக்காடு எத்தனால். அது பழைய ரப்பரை ஊறவைத்து இளக்கிவிடும். ஆகவே பெட்ரோல் பம்பின் உள்திரையும் குழாய்களும் புதிதாகப் போடப்பட்டன. மாணவர்களுக்கு இது தெரிந்ததும் வகுப்பில் சிரிப்பு. "பெட்ரோலில் சாராயமா, ஹஜ்ரத்?" என்றார்கள். குடிப்பதற்கு அல்லவே, எரிப்பதற்குத்தானே என்று சொல்லிப் பாடத்துக்குத் திரும்பினோம். காருக்கு அவர்கள் வைத்த பெயர் 'குகை வண்டி'. குகைத் தோழர்கள் விழித்தெழுந்து கடைத்தெருவுக்குக் கொண்டுபோன காசு பழங்காசாக இருந்ததைப் படித்த பிள்ளைகள். பெயரைப் பொருத்தமாகவே வைத்தார்கள்.

கடற்கரை ஊரில் நிற்கும் வண்டிக்கு எஞ்சினைவிடச் சேசிஸ்தான் பெரிய கவலை. உப்புக் காற்று அதனை உள்ளிருந்தே தின்கிறது. ஹெரால்டின் உடல் போல்ட்டுகளால் நிற்பது என்றோமல்லவா, அந்தப் பழைய ஏற்பாடு இங்கே கை கொடுத்தது. முன்மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழும். எஞ்சினோடு முன்சக்கரங்களும் கண்முன் வந்துவிடும். கூரை தனியாகக் கழன்றது. இரண்டு நாள் கூரையின்றி அது வாசலில் நின்றபோது தெருப்பிள்ளைகள் எல்லாரும் ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொண்டனர். ஸ்பிட்ஃபயரின் சாயல் அப்போது நன்றாகவே தெரிந்தது. பின்னுடலையும் தூக்கிய பிறகு பார்த்தால், சேசிஸின் நடுத்தண்டு உறுதியாக இருந்தது. பக்கவாட்டில் கைபோல நீண்டு உடலைத் தாங்கும் இரும்புகளில் நான்கு, சுத்தியால் தட்டியவுடன் பொரிபொரியாக உதிர்ந்தன. புதிய தகட்டை மடித்து வெல்டிங் செய்து அவற்றை அமைத்தார்கள். டிங்கரிங் வேலையில் பட்டி பூசி மறைக்க வேண்டாம், அரித்த இடத்தை வெட்டியே எடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். பழைய கார்களில் நடக்கும் ஏமாற்று பெரும்பாலும் பட்டிக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது.

முன்சக்கரத்தின் அடியில் டிரன்னியன் என்றொரு சிறு பித்தளைத் துண்டு உண்டு. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு அதற்குள் திருகாணிபோல் இறங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்தத் திருகில்தான் சக்கரம் சுழல்கிறது. அதற்கு இடவேண்டியது கிரீஸ் அன்று, கியர் ஆயில். பட்டறைகளில் பழக்கத்தால் கிரீஸை அடித்துவிடுவார்கள். அது கெட்டிப்பட்டு வழியை அடைக்க, தண்டு உள்ளே வறண்டு துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எங்கள் மெக்கானிக் இரண்டையும் பிரித்துத் தண்டின் மரைகளில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். இடப்பக்கத்துத் தண்டில் நகம் தட்டிற்று. "இது வேணாம் பாய், உயிர் சமாச்சாரம்" என்று தூக்கிப் போட்டார். ஸ்பிட்ஃபயரும் அதே தண்டில் நிற்பதால் இங்கிலாந்தில் அதனை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். சகோதரர் அங்கிருந்து வரவழைத்தார். ஓர் உடன்பிறப்பின் பெயரும் புகழும் மற்றொன்றை வாழவைப்பது இரும்பிலும் நடக்கிறது.

பிரேக்கில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது; 36 ஆண்டில் சிலிண்டர்கள் உள்ளே குழிகுழியாக அரித்துப்போயிருந்தன. குழாய், வாஷர், சிலிண்டர் அனைத்தும் புதியவை. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒயரிங்கை எலிகள் முடித்து வைத்திருந்தன. மாமி மாதந்தோறும் பரப்பிய வேப்பிலையைப் பொருட்படுத்திய எலிகளாகத் தெரியவில்லை. சில்லறைச் சாமான்கள் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தன. டயர்கள் வெளியே பார்க்க நன்றாக இருந்தும் பக்கவாட்டில் வெடித்திருந்தன. பழைய டயரின் பள்ளத்தை மட்டும் பார்த்து எவரும் ஏமாற வேண்டாம்.

இடையில் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்திக் கேட்டார்: இவ்வளவு பணத்தைத் தகரத்தில் கொட்டுவது இஸ்ராஃப் ஆகாதா? உலமாக்களின் வீட்டிலேயே இப்படியா? மதிப்புக்குரிய கேள்வியாகவே அதனை எடுத்துக்கொண்டோம். சகோதரர் தம் ஜகாத்தையும் கடமைகளையும் நிறைவேற்றிய பிறகே இதில் கைவைத்தார். எங்கள் பங்குக்கு, ஒரு வரம்பும் வைத்துக்கொண்டோம். பாதுகாப்புக்கும் ஓட்டத்துக்கும் வேண்டியது முழுமையாக. அழகுக்கு வேண்டியது இருப்பதை வைத்து. தோல் இருக்கையோ, பளபளக்கும் புது முலாமோ போடவில்லை. பம்பரில் பாட்டனார் காலத்து நெளிவு அப்படியே இருக்கிறது. பதினான்கு மாதத்தில் மொத்தச் செலவு 3,60,000 ரூபாய். அதில் பெரும்பகுதி வெல்டிங், லேத், டிங்கரிங் தொழிலாளர்களின் கூலியாகப் போனது. வாழும் பொருளை மடியவிடுவதும் ஒருவகை வீணடிப்பே என்று நாங்கள் கருதுகிறோம். பெரியவர் முழுதாக ஒப்பவில்லை. காரில் ஏறிப் பார்க்க மட்டும் ஒப்பினார்.

மாமி 45,000 ரூபாயைத் தவணையாகத் தந்தார். கணக்கைத் தாமே ஒரு நோட்டில் எழுதிவைத்து, பிரேக் சிலிண்டரின் விலைச்சீட்டு வரை கேட்டு வாங்கிப் பார்த்தார்.

முதன்முதலாக எஞ்சினை இயக்கிய நாளில் உடனே பெட்ரோல் விடவில்லை. பிளக்குகள் இல்லாமல் செல்ஃபைச் சுழற்றி, ஆயில் மேலே வால்வு ராக்கர்கள்வரை ஏறுகிறதா என்று பார்த்தார் மெக்கானிக். இந்த எஞ்சினில் கிராங்க் தண்டு முன்பின் நகராமல் பிடிக்கும் இரண்டு பிறைவடிவ வாஷர்கள் தேய்ந்து கீழே விழுந்துவிடும் நோய் உண்டு. அதனையும் முன்பே மாற்றியிருந்தார். பிறகு பிளக்குகளை மாட்டி, பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பச் சொன்னார். நான்காம் முறை பிடித்தது. முதல் பத்து நிமிடம் சிலிண்டரில் ஊற்றியிருந்த ஆயில் எல்லாம் வெண்புகையாகத் தெருவை நிறைத்தது. எதிர்வீட்டார் கொசுமருந்து வண்டி வந்துவிட்டதென்று சன்னல்களைச் சாத்தினார்கள்.

காகித வேலை பட்டறை வேலையைவிட நீண்டது. உரிமையாளர் மௌத்தானால் மூன்று மாதத்துக்குள் வாரிசு 31-ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும் என்பது விதி. நாங்கள் முப்பத்தேழு ஆண்டு தாமதம். மேசைக்கு அப்பாலிருந்தவர் ஆண்டை இருமுறை படித்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். வாரிசுகளின் ஒப்புதல் கேட்டபோது, பதினேழு பேரும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினைத் தாளை எடுத்து வைத்தோம். ஃபராயிள் கணக்கு அரசாங்கத்துக்கும் உதவியது. ஆர்.சி.யில் சகோதரரின் பெயர் ஏறியது. எட்டில் ஒரு பங்கு மாமிக்கு உரியது என்பதைத் தனித்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு ஒரு பிரதியை அவரிடமும் ஒன்றைக் காரின் கைப்பெட்டியிலும் வைத்திருக்கிறோம். அவருக்குப் பின் அந்த இருபது பங்கு யார் யாருக்கு எவ்வளவு என்பதையும் மாமியே எங்களிடம் கணக்குப் போடச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டார். இன்னொரு 36 ஆண்டு ஆகக் கூடாதாம்.

ஐம்பது ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்றெழுத்துப் பழைய எண் எங்களுக்குத் திரும்பக் கிடைத்ததில் மாமிக்குத்தான் பெருமகிழ்ச்சி. அதற்கு ஈடாக ஒரு கட்டுப்பாடும் உண்டு: அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு, பழுதுபார்த்தல், எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் இறங்கலாம்.

இந்த விதியை மாமிக்கு ஒருமுறை படித்துக் காட்டினோம்; அவர் இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். டேங்கில் பாதி காலியாக இருந்தால் உள்ளே ஈரம் படிந்து மறுபடியும் துருப்பிடிக்கும் என்று மெக்கானிக் எச்சரித்திருந்தது அவர் நினைவில் இருக்கிறது. ஆகவே மாதத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின், கொட்டகைக் கதவைத் திறக்கச் சொல்லி, பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து உற்றுப் பார்த்துவிட்டு, "குறஞ்சிருக்கு வாப்பா" என்கிறார். பிறகு துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னிருக்கையில் ஏறி அமர்ந்துகொள்கிறார்.